பெட்ரோலுக்கு அளவு சொன்னவர்கள்

மோட்டார் சைக்கிளின் பராக்கிரமத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இஞ்சினின் பருமனையும் குதிரைசக்தியையும் சொல்லி வியப்பார்களே தவிர, உள்ளே இழுபடும் காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது என்கிற அற்பமாகத் தோன்றும் விஷயத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிய எடைப்படி 14.7 பங்கு காற்று வேண்டுமென்பது சாஸ்திரம். முழு வேகத்தில் பலம் வேண்டுமானால் ஏறக்குறைய 13 பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்பது அனுபவம். டியூனிங் என்னும் தொழில் பிழைத்து வந்தது இந்தச் சிறு வித்தியாசத்தில்தான்.

1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூடித் தொடங்கி, பின்னர் திருவொற்றியூரில் நிலைபெற்ற புல்லட் தொழிற்சாலையும், யுத்தகாலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் நடந்துவந்த பந்தயங்களும், இந்தத் தொழிலுக்குச் சென்னையில் நல்ல களம் அமைத்துக் கொடுத்தன. சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் பூட்டினால் காற்றின் போக்கு மாறும். காற்று மாறினால் கார்புரேட்டரில் பெட்ரோலுக்கு அளவு வைக்கும் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். வண்டியை முழு வேகத்தில் விரட்டச் சொல்லி, அந்த வேகத்திலேயே இஞ்சினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நிறுத்தச் செய்து, சூடு ஆறுமுன் பிளக்கைக் கழற்றி, வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல் மெக்கானிக் அதன் முனையைப் பார்ப்பார். கரியாய்க் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் குறைவு. இளம்பழுப்பாயிருந்தால் அவர் முகத்தில் திருப்தி தோன்றும். இல்லாவிட்டால், மயிரிழைத் துவாரமும் பொடி எண்ணும் கொண்ட வேறொரு பித்தளை ஜெட்டைப் பூட்டி, மறுபடியும் ஓட்டச் சொல்வார்.

இந்த அதிகாரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது எரிபொருள் இஞ்ஜெக்‌ஷன். 1980-இல் கவாஸாகி ஆயிரம் ஸி.ஸி. வண்டியொன்றில் கொண்டுவந்த முறை, 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் மூலமும், 2009-இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 மூலமும் நம் தேசத்து வீதிகளுக்கு வந்து, 2020 ஏப்ரலில் அமலான பி.எஸ். 6 புகை விதிகளால் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் பொதுவாயிற்று. ஜெட் மாற்றி அளவு சொல்லிவந்த கைக்கு மாற்றுவதற்கு ஜெட்டே இல்லை. தொழிற்சாலையார் எழுதிப் பூட்டி அனுப்பிய கணக்கின்படி, இ.ஸி.யு. என்னும் கணிப்பொறி இஞ்ஜெக்டரைச் சில மில்லி விநாடிகள் திறந்து மூடியது.

பூட்டை உடைக்காமலே இ.ஸி.யு.வின் உத்தரவைத் திருத்தும் உபாயத்தை, ஜெட் விற்றுப் பேர்பெற்ற அமெரிக்காவின் டைனோஜெட் கம்பெனியாரே 1990-களில் பவர் கமாண்டர் என்னும் சிறு பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் அதே வகைப் பெட்டியாகப் பெங்களூரில் பவர்ட்ரானிக் பிறந்தது. பூட்டும் வேலை சுலபம்: சீட்டைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விலக்கி, இஞ்ஜெக்டருக்குச் செல்லும் கனெக்டரைப் பிரித்து, நடுவே பெட்டியின் கனெக்டர்களைச் செருகி, எர்த் வயரைப் பேட்டரியின் நெகட்டிவ்வில் முடுக்கிவிட்டால் தீர்ந்தது. அதன்பின் இ.ஸி.யு. இடும் உத்தரவைப் பெட்டி இடைமறித்து, இஞ்சின் சுற்றுக்கும் ஆக்ஸிலேட்டர் திறப்புக்கும் தக்கபடி வகுத்த அட்டவணையைப் பார்த்து, இத்தனை சதவீதம் கூட்டு அல்லது குறை என்று திருத்தி அனுப்புகிறது.

பெட்டி தானாகப் பலம் தரும் என்று நம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சைலன்சரும் ஏர் ஃபில்டரும் கம்பெனியில் வந்தபடியே இருக்கும் வண்டியில் அதற்குப் பெரிய வேலையில்லை. புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கவனியாமல் விட்டாலோ, மிதமான ஓட்டத்தில் பெட்டி கூட்டியதை இ.ஸி.யு. குறைத்துவிடும். பிளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன கண்ணின் காரியத்தை இன்று இஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோ யந்திரமும் புகையை அளக்கும் கருவியும் செய்கின்றன என்றாலும், அவை காட்டும் எண்ணைப் பார்த்து அட்டவணையைத் திருத்த விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டியிருக்கிறது. ஆகையால் பெட்டி வாங்கப் போகிறவர்கள், விலையைக் கேட்கும்போதே, வண்டியை டைனோவில் ஏற்றி அட்டவணை எழுதித் தருகிறவர் யார் என்பதையும் கேட்டுக்கொள்வது நலம்.