நாகைத் துறைமுகம்: நெல் போன வழி

'பொன்னியின் செல்வன்' வாசித்தவர்களுக்கு நாகப்பட்டினம் என்றதும் சூடாமணி விகாரம்தான் நினைவுக்கு வரும். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மரைப் பிக்குகள் அங்கே வைத்துக் காப்பாற்றியது கல்கியின் கற்பனை. விகாரமோ கற்பனையன்று. ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் அதை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக இராஜராஜர் 1006ஆம் ஆண்டளவில் வழங்கினார். அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் இராஜேந்திரர். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் அறிந்திருப்பவை இவையே.

இச்செப்பேடுகளைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகவே பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அவற்றில் உள்ள கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். சுமார் 97 வேலி நிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900 கலம் நெல். கடல்கடந்த மன்னன் ஒருவன் கட்டிய பள்ளியை நாகைக்கு அருகிலிருந்த வயல்கள் ஊட்டி வளர்த்தன. துறைமுகத்துக்கும் கழனிக்கும் இருந்த உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் அரிது.

இயற்கை நாகைக்குத் தந்தது குறைவு. கடுவையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் மணல் மேடிட்டது. பெரிய கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் படகுகளில் கரைசேர வேண்டும். குன்றோ குடாவோ இல்லாத இந்தத் தட்டையான கரைக்கு மரக்கலங்களை ஈர்த்தவை பின்னாலிருந்த நெல்லும் துணியும்தாம்.

ஆகவேதான் தஞ்சையை ஆண்டவர்கள் நாகையைக் கைவிடவில்லை. கடலை ஆண்டவர்கள் அதற்காகப் போரிட்டார்கள். நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறியிருந்த போர்ச்சுகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையும் இங்கே மாற்றினர். உள்நாட்டில் நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் ஆட்சி வந்தபோதும் கோட்டைக்குள் ஆணையிட்டது பத்தேவியாவிலிருந்த கும்பினித் தலைமையே.

டச்சு வணிகம் என்றதும் துணிப்பொதிகளை எண்ணிப்பார்க்கிறோம். மனிதர்களும் அதில் சரக்காயிருந்தார்கள். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் நாகை முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கப்பட்டனர். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். விளைந்த காலத்தில் நெல்லை ஏற்றிய துறை, விளைச்சல் பொய்த்த காலத்தில் மனிதர்களை ஏற்றியது. நாகையின் வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத பக்கம் இது.

1781இல் ஆங்கிலேயர் நாகையைக் கைப்பற்றினர். 1799இல் தஞ்சை அவர்கள் வசமானபின் 1845 வரை மாவட்டத் தலைமையிடமும் இதுவே. 1860களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ரயில்வே பணிமனையும் இங்கேயே இருந்தது. அக்காலத்தில்தான் சூடாமணி விகாரத்தின் எஞ்சிய பகுதி என்று கருதப்பட்ட பழைய செங்கற் கோபுரம், அரசின் அனுமதியோடு 1867இல் இடிக்கப்பட்டது. மலையற்ற இக்கரையில் மாலுமிகளுக்கு நெடுங்காலம் அடையாளமாக நின்றது அது.

மனிதர்களின் ஏற்றுமதி வேறு உருவில் தொடர்ந்தது. மலேயாவின் கரும்பு, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர் கங்காணிகள் வழியாகவும் சென்ற தமிழர் பலருக்கு நாகையே கடைசியாகக் கண்ட தாய்மண். உடன் சென்றவர்களில் வணிகர்களும் இருந்தனர். ஆனால் சொந்த நிலமின்றிப் பிறர் வயலில் உழைத்தவர்களுக்குக் கப்பல் வேறுவகை வாசல். அடிமை வாணிபமும் கூலிப் பயணமும் ஒன்றல்ல. பின்னதில் சிறிதேனும் விருப்பமும் மீளும் நம்பிக்கையும் இருந்தன. எனினும் இரண்டுக்கும் பின்னே இருந்தது நெல் விளையும் நாட்டின் பசிதான்.

நாகையின் இறக்கம் மெல்ல நிகழ்ந்தது. செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்ட சென்னையோடு திறந்த கடல் துறை போட்டியிட இயலவில்லை. 1920களில் ரயில்வே பணிமனை பொன்மலைக்குப் போயிற்று. 1985இல் 'எம்.வி. சிதம்பரம்' தீப்பற்றியதோடு மலேசியப் பயணிகள் கப்பலும் நின்றது. 1991இல் நாகை மீண்டும் மாவட்டத் தலைநகரானபோது, ஆள்வதற்கு மாவட்டம் இருந்தது. அழைப்பதற்குக் கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டதை ஊர் கொண்டாடியதன் காரணம் இதுவே.

துறைமுகங்களின் வரலாற்றை மன்னர்களின் கடற்படையிலிருந்து எழுதுவது நம் வழக்கம். நாகையின் வரலாற்றையோ ஆனைமங்கலத்து வயல்களிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே விளைந்த நெல் யார் யாருக்குப் போயிற்று என்பதைச் செப்பேடு எழுதிவைத்திருக்கிறது. அதை விளைவித்தவர்களின் வழித்தோன்றல்கள் எந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பதை எழுதவேண்டியவர்கள் நாம்.