உப்புக்கண்டம்: ஒரு பால்கனிக் குறிப்பு

ஃபர்வானியாவில் எங்கள் வீட்டுப் பால்கனி இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். சென்ற சனவரியில் அங்கே துணிக்கொடியில் ஆட்டிறைச்சியைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். "இதுக்குப் பேர் என்னப்பா?" என்றாள் மகள். உப்புக்கண்டம் என்றேன். "கண்டம்னா ஆசியா, ஆப்பிரிக்காதானே?" குவைத்தில் பிறந்து, வார இறுதி வகுப்பில் தமிழ் படித்தவளின் கேள்வி அது. கண்டம் என்றால் துண்டு என்றும் பொருள்.

பெயர் எப்போது வந்ததோ, பண்டம் மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வறண்ட நிலத்து எயினர் வீட்டு உணவில் 'வாடூன்' இடம்பெறுகிறது. வாடிய ஊன், அதாவது உலர்ந்த இறைச்சி. கரம்பை நிலத்தைக் கிளறி எடுத்த புல்லரிசியும் உவர்க்கிணற்று நீரும் அதற்குத் துணை. விருந்தின் பெருமைக்காக உலர்த்தியதல்ல. வேட்டை கிடைக்காத நாளுக்காகச் சேர்த்தது. இலங்கையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், வேடர்கள் இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தில் வைத்து மண்ணால் அடைப்பதை எழுதியிருக்கிறார். உப்புக்குப் பதில் தேன்; நோக்கம் ஒன்றே.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் மானும் பன்றியும் முயலும் உப்புக்கண்டமான காலம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது கதையாகிவிட்டது. மிஞ்சியது கிடாவெட்டில் மீந்த ஆட்டுக்கறி. எலும்பு நீக்கி, சதையின் நார் ஓடும் வாக்கில் விரல் கனத்துக்கு அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசைந்து ஓர் இரவு ஊறவைப்பார் அம்மா. மறுநாள் கோணி ஊசியால் கோத்து வெயிலில் கட்டுவார். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். காக்கை விரட்டுவது என் வேலை. நாலைந்து நாளில் விறகுக் குச்சிபோல் ஆனதும் மண்பானைக்குள் போகும். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த வருடத்தோடு அதுவும் நின்றது.

குவைத்தில் வெயிலுக்கா பஞ்சம்? 2016 சூலை 21 அன்று இந்நாட்டின் மித்ரிபாவில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்தத் துணிச்சலில் முதன்முறை ஒரு சூலையில் கட்டினேன். ஒரே பகலில் மேல்தோல் கல்லாக இறுகிவிட்டது. உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியில்லை. மூன்றாம் நாள் நாற்றம். இரண்டு கிலோவும் குப்பைக்குப் போனது. தொலைபேசியில் அம்மா சிரித்தார்: "வெயிலு கூடிப்போச்சுடா. கறி மெதுவா வாடணும்."

வேறு ஊர்க்காரர்களும் இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். அரபு நாடுகளில் உப்பிட்டு உலர்த்திய கீற்றுக்குக் 'கதீத்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகள் வேட்டை இறைச்சியில் வினிகரும் கொத்தமல்லி விதையும் சேர்த்து, குளிர்காலத்தில் நிழற்காற்றில் உலர்த்தியது 'பில்டாங்'. 1860இல் சென்னையிலிருந்து நேட்டால் போய்ச் சேர்ந்த நம்மவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது இன்று சொந்த ஊர்த் தீனி.

ஆகவே சனவரி, நேர் வெயில் படாத மூலை, தூசிக்கும் ஈக்கும் கொசுவலை. உப்பு எவ்வளவு என்று மகள் கேட்டாள். அம்மாவைக் கேட்டால் "கையளவு" என்கிறார். யாருடைய கை? அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் சொல்லச் சொல்ல நான் அள்ளினேன். மகள் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினாள்: கிலோவுக்கு நாற்பது கிராம். எங்கள் குடும்பத்தில் இது எழுத்தில் ஏறியது அன்றுதான்.

ஆறாம் நாள் ஒரு துண்டை முறித்தாள். உள்வரை ஒரே நிறம். இடித்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வறுத்து ரசஞ்சோற்றுக்கு வைத்தோம். "உப்பு கொஞ்சம் கூட" என்றாள். நோட்டை எடுத்து நாற்பதை அடித்து, முப்பத்தைந்து என்று எழுதினாள். அம்மாவிடம் சொன்னேன். "குறைச்சா கெட்டுப்போகும்னு சொல்லு" என்றார். மறுபடியும் நாற்பதாக்கி, பக்கத்தில் 'ஆச்சி சொன்னது' என்று எழுதி வைத்திருக்கிறாள்.