பெயர் தீர்மானிக்காதவை: தோட்டத்து ஏடும் காட் வகுத்த உறவும்

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு எடுக்கப்பட்டது. வந்தோரைக் கிராணியார் ஏட்டில் குறிப்பார். அவ்வேட்டின் ஒவ்வொரு வரியிலும் ஆள் எண், பெயர், பிரிவு, கங்காணி பெயர் ஆகியன இருப்பதாகக் கொள்வோம். ஒரு பிரிவின் கங்காணி மாறினால் அப்பிரிவினர் அனைவரின் வரிகளையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஏடு தன்னோடு தானே முரண்படும்.

இவ்வகை முரணுக்குக் கணித வழியில் தீர்வு கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். 1970-இல் வெளியான அவரது கட்டுரை தரவுகளை ‘உறவு’களாகக் காணச் சொன்னது. இரண்டு அட்டவணைகளுக்கு இடையிலான பிணைப்பே உறவு என்று மாணவர் பலர் கருதுவர். அன்று, அட்டவணையே உறவு. அதில் வேண்டிய வரிகளை எடுப்பது தேர்வு. வேண்டிய நிரல்களை எடுப்பது வீழ்த்தல். பொது நிரலின்வழி இரண்டு உறவுகளை ஒன்றாக்குவது இணைப்பு.

எந்த நிரலை நம்பி இணைக்கலாம் என்பதைச் ‘சார்பு’ உணர்த்தும். ஆள் எண் பிரிவைத் தீர்மானிக்கும். பிரிவு கங்காணியைத் தீர்மானிக்கும். ஆகவே ஆள் எண் கங்காணியையும் தீர்மானிக்கும். இத்தகைய மூன்று விதிகளிலிருந்து ஏனைய சார்புகள் யாவும் பெறப்படும் என 1974-இல் ஆர்ம்ஸ்ட்ராங் காட்டினார். காட் சொன்ன தீர்வோ எளிது: பிரிவையும் கங்காணியையும் தனித்தாளில் ஒருமுறை மட்டும் எழுதுக. பிரிவின்வழி மீண்டும் இணைத்தால் பழைய ஏடு குறையாமலும் மிகாமலும் கிடைக்கும்.

பெயரின்வழி இணைத்தால் அவ்வாறு கிடைக்காது. தோட்டத்தில் மாரிமுத்து இருவர் இருப்பின், ஒருவர் பிள்ளை மற்றவர்க்கும் பிள்ளையாவான். ஒருவரே இருப்பினும் இடருண்டு. மொழியியலார்க்கு இது நெடுநாள் தலைவலி. தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதியோர் தத்தம் செவியையே நம்பினர். ‘பழனி’யின் ழகரத்தை ஒருவர் ‘எல்’ என்பார், மற்றவர் ‘இசட் எச்’ என்பார். நமக்கு ஒரே பெயர், இணைப்புக்கு இரண்டு. தந்தையின் அட்டையும் மகளின் பிறப்புச் சான்றிதழும் பொருந்தாமல் வெற்று உறவே விடையாகும். குடியுரிமை விண்ணப்பத்தில் அவ்வெறுமைக்கு விலை மிகுதி.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைமார் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. மலாயாவில் அடையாள அட்டை வந்ததும் அவ்வாண்டே. இன்றைய 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த நாளைக் காட்டும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும், பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றையெனில் ஆண், இரட்டையெனில் பெண். எண் பெயரைத் தீர்மானிக்கும். பெயர் எண்ணைத் தீர்மானிக்காது. தந்தையின் எண் இரு தாள்களிலும் இருப்பின், ழகரம் எப்படித் திரிந்தாலும் இணைப்பு நிற்கும்.

எண் பெறாமலே மறைந்த பாட்டனார்க்கு இயற்கணிதம் உதவாது. ஏட்டிலுள்ள இரண்டு பெயரும் அவருடையனவே என்று, அதே லயத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும்.