கிணற்றுக்குள் இறங்கிய தோல்

கமலை இறைத்த கையுள்ளவர்கள் திண்டுக்கல் பக்கம் இன்று எழுபதை நெருங்கியிருப்பார்கள். கிணற்றுமேட்டில் இரண்டு கால், நடுவில் உருளை, அதன்மேல் வடக்கயிறு. கயிற்றின் ஒரு முனை மாடுகளின் நுகத்தடியில், மறுமுனை கூனை என்ற வாளியில். கூனையின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். அங்கே கட்டித் தொங்குவது தோலால் தைத்த நீளமான குழாய்; வால் என்பார்கள். அதன் நுனியில் தனியாக ஒரு வால்கயிறு. கூனை முங்கி மேலேறும்போது வால்கயிறு தோலை மடக்கி, நுனியைக் கூனை வாயின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வெளியேறாது. மேட்டுக்கு வந்ததும் வால், தொட்டி ஓரத்துக் கீழுருளை வழியாக முன்னால் இழுபடும். கூனை மட்டும் இன்னும் மேலே போகும். அத்தனை தண்ணீரும் வால் வழியே தொட்டியில் கொட்டிவிடும். கவிழ்த்துவிட ஆள் வேண்டாம். கயிற்றின்மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு மாட்டை ஓட்டுகிற ஒருவர் போதும்.

மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாக இருந்த திண்டுக்கல் சமவெளியில் அந்தத் தோல்வால் கிழிந்தால் வெள்ளாமை நின்றுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தைத்துக் கொடுத்தவர் ஊருக்கு வெளியே குடியிருந்த செருப்புத் தைப்பவர். ஊர் அவரைச் சக்கிலியர் என்றது. இன்றைய பெயர் அருந்ததியர். ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போவது அவர் கடமை, உரித்த தோல் அவர் உரிமை. சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் களைந்து, சதையைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் கிடத்தி, எண்ணெய் தடவிக் காயவைப்பார். அதிலிருந்து வால், செருப்பு, நுகத்தடி வார், சாட்டை எல்லாம் வரும். செருப்புக்கு இவ்வளவு, வாலுக்கு இவ்வளவு என்று விலை கிடையாது. அறுவடையின்போது களத்துமேட்டில் சோளமும் கம்பும் கேழ்வரகுமாகச் சுதந்திரம் என்ற தானியப் பங்கை அளப்பார்கள். ஆண்டு முழுதும் தைத்ததற்கு அதுதான் கணக்கு.

இதை ஒருவரை ஒருவர் தாங்கி வாழ்ந்த பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி எழுத வரவில்லை. அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீர் ஊர் நிலமெல்லாம் பாய்ந்தது, அந்தத் தோலால் கிணற்றுக்குத் தீட்டு வரவில்லை. அவர் வீட்டுக் குடத்தைக் கிணற்றில் இறக்கினால் மட்டும் தீட்டு வந்தது. குடிப்பதற்கு யாராவது ஊற்றும்வரை காத்து நிற்க வேண்டும். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவரே ஊர்த்தெருவில் நடக்க முடியாது.

1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன தென்னிந்திய ரயில்பாதை திண்டுக்கல் வழியாகப் போனது. மறு ஆண்டு பிறந்ததும் அது தூத்துக்குடித் துறைமுகத்தைத் தொட்டது. அதே 1876-ல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. மேய்ச்சலும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி எகிறியது. தோலுக்கு ரொக்க விலை உண்டென்பது கிராமங்களுக்கு உறைத்தது அந்தக் காலத்தில்தான். செத்த மாடு உனக்கு என்று விட்டுக்கொடுத்த குடியானவர், இப்போது தோலைத் தானே சந்தைக்கு அனுப்பக் கணக்குப் போட்டார். தோல் வியாபாரிகள் ஊர் ஊராக ஆள் அனுப்பினார்கள். செருப்புத் தைப்பவருக்குத் தன் பழைய உரிமைத் தோலே விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்காகிவிட்டது. சிலர் ஊரை விட்டுத் தோல் ஆலைக்குக் கூலிக்குப் போனார்கள். அவமானத்தின் ஒரு முடிச்சு அங்கே அவிழ்ந்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கும் வேலை மட்டும் அவர்களுக்கே என்பது ஆலையிலும் மாறவில்லை.

திண்டுக்கல்லில் தோல் ஆலைகள் எழும்பின. பிரியாணிக்கு இந்த ஊர் பெயர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் பெயர் வாங்கிவிட்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் நிறமேற்றிய பாதிப் பதத் தோல் கப்பலேறி லண்டன் போனது. அதில் மாட்டுத்தோலுக்கு அங்கே 'ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்' என்று பெயர். மிச்ச வேலையைச் செய்து செருப்பும் பூட்ஸும் ஆக்கியது இங்கிலாந்து. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அது மிகவும் வேண்டியிருந்ததால், 1916-ல் இந்த வியாபாரத்தையே அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. திண்டுக்கல் கிணற்றில் தொங்கியிருக்க வேண்டிய தோல் பிரான்ஸின் பதுங்குகுழிச் சேற்றில் நடந்தது என்று சொன்னால் அதில் மிகை ஏதுமில்லை.

இதற்கிடையில் இன்னொரு கிளைக்கதை. கமலைத்தோல் நாள் முழுக்க ஈரத்திலேயே கிடந்தால் சீக்கிரம் அழுகும். சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல்காரர் 1903-ல் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அவர் குறிவைத்த பண்டங்களில் ஒன்று இந்தக் கமலைத்தோல்தான். குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும். செருப்பும் வாரும் கூடச் செய்து விற்றார்கள். அரசு ஆலை நடத்தி வியாபாரம் செய்யக் கூடாது என்று 1910-ல் லண்டனிலிருந்து உத்தரவு வர, தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது. ஆக, கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவும்தான் குரோம் நம் மாகாணத்துக்குள் வந்தது. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு மின்மோட்டார் வந்தது. வாலுக்கு வேலை போயிற்று. ஆவாரம்பட்டைக்குப் பதில் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. அதையும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும் என்று வனத்துறை கொடைக்கானல் புல்வெளிகளில் வாட்டிலை நட்டுவைத்தது. ஆலைகளோ குரோமுக்கு மாறிக்கொண்டிருந்தன. நட்ட மரம் சோலைக்காடுகளின் ஓரம்வரை பரவி, இப்போது வெட்டியெறிய வழி தேடுகிறார்கள். பாதிப் பதத் தோலாக அனுப்பாமல் இங்கேயே முழுதாக முடித்து அனுப்பினால் நாலு காசு கூடும் என்றது 1972-ல் சீதாராமையா குழு. அரசு அடுத்த ஆண்டிலிருந்து அந்த வழியில் ஆலைகளைத் தள்ளியது. வருமானம் கூடியது. கழிவுநீரும் கூடியது.

கழிவில் குரோமைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு உப்புதான் முக்கியமாகப் படுகிறது. பழைய செருப்புத் தைப்பவருக்கு உப்பு வேண்டியிருக்கவில்லை. காலையில் செத்த மாட்டை அன்றைக்கே உரித்துச் சுண்ணாம்பில் போட்டுவிடுவார். தோல் பயணம் போகத் தொடங்கியதும்தான், வழியில் அழுகாமலிருக்க அள்ளி அள்ளி உப்புத் தடவ வேண்டியதாயிற்று. ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் கழிவாகும். உப்பு எந்த வடிகட்டியிலும் லேசில் நிற்காது. மண்ணில் இறங்கினால் கிணறுதான் அதற்குக் கடைசி வீடு.

தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லும் வருகிறது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பின்படி, குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்தத் தீர்ப்பு அறிவித்தது. வழக்கில் வந்த ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், அல்லது சொந்தமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதவடைப்பு. 

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஆலைக்கே அனுப்பும் ஏற்பாடுகளும் தமிழ்நாட்டுத் தோல் ஊர்களில் வந்திருக்கின்றன. பிரித்தபின் மிஞ்சும் கலவை உப்பைக் கடலில் கொட்ட முடியாது, சமையலுக்கு ஆகாது, வாங்க ஆளில்லை. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி, மழைநீர் படாமல் தார்ப்பாய் போர்த்திக் காவல் காக்கிறார்கள்.