ஜோன் பார் என்னும் காலாட்படை வீரன்

போர்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தளபதிகளின் வரலாற்றையே எழுதினர். எந்தத் தளபதி எந்த ஆற்றைக் கடந்தான், எந்த நகரை முற்றுகையிட்டான் என்பனவற்றை நூல்கள் விரித்துரைக்கும். அவன் ஆணைக்கு அடங்கித் தோளிலே துப்பாக்கியும் முதுகிலே மூட்டையுமாக நடந்து சென்ற காலாள், அந்நூல்களில் ஓர் எண்ணாக மட்டுமே இடம்பெறுவான். 1815 இல் வாட்டர்லூவில் மாண்ட சாதாரண வீரருட் பெரும்பாலோர் பெயரெழுதிய கல் எதுவுமின்றிப் பொதுக் குழிகளிலே புதைக்கப்பட்டனர். நூறாண்டு கழித்து மூண்ட முதலாம் உலக மகாயுத்தத்தின் போதுதான், சாதாரண வீரனுக்கும் தனிக் கல், தனிப் பெயர் என்னும் வழக்கம் பிரித்தானியப் படையில் நிலைபெற்றது. அவ்வாறு பெயர் எஞ்சியவருள் ஒருவன் ஜோன் பார்.

இலண்டனை அடுத்த பிஞ்ச்லியில் 1897 ஆம் ஆண்டு பிறந்தவன் அவன். தந்தை பால் விற்பவர். வீட்டிலே பிள்ளைகள் பலர் பிறந்தனர். பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தும் போயினர். பள்ளியை விட்டபின் இறைச்சிக் கடையிலே எடுபிடி வேலை செய்தான். பின்னர் கோல்ப் மைதானமொன்றிலே செல்வர்களின் மட்டைகளைச் சுமந்து திரிந்தான். 1912 இல் மிடில்செக்ஸ் படைப்பிரிவின் நான்காம் அணியிலே சேர்ந்தான். படையிற் சேர்வதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருத்தல் வேண்டும். பையனுக்கோ பதினான்கு, பதினைந்துக்கு மேலிராது. உயரமும் ஐந்தடி மூன்றங்குலமே. பதினெட்டு நிறைந்துவிட்டது என்று அவன் சொன்னான், ஆட்சேர்ப்போர் எழுதிக்கொண்டனர். அக்காலத்தில் இது புதுமையான செய்தியன்று. நாட்டுப்பற்று, அரச விசுவாசம் என்பனவெல்லாம் போர்க்கால மேடைகளிலே பெரிதாகப் பேசப்பட்டன. ஆயின் சமாதான காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படைக்கு இழுத்தது பெரும்பாலும் வயிற்றுப்பாடே. நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி, வேளைக்கு உணவு, காலுக்குச் சப்பாத்து, தூர தேசங்களைக் காணலாம் என்ற ஆசை: இவற்றுக்காகவே அவர்கள் கையொப்பமிட்டனர்.

காலாளின் தொழில் சுடுவது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவன் தொழில் நடப்பதே. துப்பாக்கி, ரவைகள், மண்வெட்டி, தண்ணீர்க்குடுவை, மேலங்கி எல்லாமாக ஏறக்குறைய 60 இறாத்தல் சுமையோடு அவன் நாள் முழுவதும் நடக்கவேண்டும். சுடுவதிலும் பிரித்தானியக் காலாட்படை தேர்ந்தே இருந்தது. நிமிடத்துக்குப் பதினைந்து வேட்டுக்களைக் குறி தவறாமற் சுடுவதற்கு அவ்வீரர் பயிற்றப்பட்டிருந்தனர்.

1914 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர் அறிவித்தது. அம்மாத நடுப்பகுதியிலே படைகள் பிரான்சின் கரையில் இறங்கி, கோடை வெயிலிலே, கற்கள் பாவிய வீதிகள் வழியே பெல்ஜியத்தை நோக்கி நடந்தன. எதிரி எங்கே, எத்துணைப் பேர் என்பது தெளிவாகத் தெரியவில்லை. எனவே குதிரைப்படையினரும் துவிச்சக்கர வண்டி வீரரும் முன்னே அனுப்பப்பட்டனர். ஜோன் பார் துவிச்சக்கர வண்டியிற் சென்று வேவு பார்ப்பவன். ஓகஸ்ட் 21 ஆம் திகதி, மொன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஒபூர் என்னுங் கிராமப் பக்கமாக அவனும் தோழன் ஒருவனும் அனுப்பப்பட்டனர். வழியிலே ஜேர்மானியக் குதிரைப்படையினரைக் கண்டதும், செய்தி சொல்லத் தோழனை அனுப்பிவிட்டுத் தான் நின்று சுட்டுப் போராடி மாண்டான் என்பது பெருவழக்கான கூற்று. தன் பக்கத்தாரின் குண்டே தவறிப் பாய்ந்திருக்கலாம் எனக் கருதுவாரும் உளர். எதுவாயினும், மேற்குப் போர்முனையிலே எதிரியின் முன் மாண்ட முதற் பிரித்தானிய வீரனாக அவனையே வரலாற்றாசிரியர் கொள்வர்.

இரண்டு நாட் கழித்து மொன்ஸ் போர் நிகழ்ந்தது. அதன்பின் பிரித்தானியப் படை இரண்டு வாரங்களாகப் பின்வாங்கிச் சென்றது. மாண்டோர் உடல்களை எடுத்துச் செல்ல நேரமேது? பாரின் உடலும் எதிரி கைப்பற்றிய நிலத்திலே கிடந்தது. மகனிடமிருந்து கடிதம் வராமை கண்ட தாய், அவன் எங்கே என்று படையினரை எழுதிக் கேட்டாள். அவன் சிறைப்பட்டிருக்கலாம் என்று எண்ணினரேயன்றி, அவர்களாலும் உறுதியாக விடை கூற இயலவில்லை.

இன்று அவனது கல் மொன்ஸ் நகருக்கு அருகிலுள்ள சென் சிம்போரியன் இடுகாட்டிலே நிற்கிறது. அவ்விடுகாட்டை அமைத்தவர் ஜேர்மானியரே என்பது வியப்புக்குரியது. நிலத்தைக் கொடுத்தவர் ஹூசோ த லேஹை என்னும் பெல்ஜியக் கனவான். இருதரப்பு வீரரும் சமமாக மதிக்கப்படவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 284 ஜேர்மானியரும் 229 பிரித்தானிய, பொதுநலவாய வீரரும் அங்கே துயில்கின்றனர். பாரின் படைப்பிரிவினர் நினைவாகவும் ஜேர்மானியர் ஒரு தூண் எழுப்பினர். அதிலே அப்பிரிவை 'அரச' மிடில்செக்ஸ் படைப்பிரிவு என்று பொறித்தனர். அந்தப் பட்டத்தைச் சொந்த மன்னர் அதற்கு வழங்கியிருக்கவில்லை!

1917 இல் அமைக்கப்பட்ட பேரரசின் போர்க் கல்லறை ஆணைக்குழு, அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் ஒரே அளவான நடுகல் என்று முடிவு செய்தது. உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டு செல்லவும் அது அனுமதிக்கவில்லை. பெற்றோர் பலர் இதனை எதிர்த்து மனு எழுதினர். மகனைத் தன் ஊர்க் கோவிலருகே அடக்கஞ் செய்ய விரும்பிய தாயின் துயரம் பெரிதே. எனினும், உடலைக் கொண்டுவரும் வசதி செல்வர்க்கே வாய்த்திருக்கும். பால்காரர் மகன் பெல்ஜியத்திலேயே கிடந்திருப்பான். ஆணைக்குழுவின் முடிவில் நியாயம் இருந்தது.

பாரின் கல்லிலே வயது 20 என்று செதுக்கப்பட்டுள்ளது. பதிவேட்டில் இருந்த கணக்கு அது. உண்மையில் அவன் பதினேழே வயதினன் என்பது பிற்காலத்திற் குடிசன மதிப்பு ஏடுகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது.

அவன் கல்லுக்கு எதிரே, சில யார் தூரத்தில், ஜோர்ஜ் எலிசன் என்பவரின் கல் நிற்கிறது. அவர் லீட்ஸ் நகரத்தவர், குதிரைப்படை வீரர், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1918 நவம்பர் 11 ஆம் திகதி காலை ஒன்பதரை மணியளவில், போர்நிறுத்தத்துக்கு ஒன்றரை மணிநேரம் இருக்கையில், அதே மொன்ஸ் நகரின் அருகே கொல்லப்பட்டார். யுத்தத்தில் மாண்ட கடைசிப் பிரித்தானிய வீரர் அவர் என்பர். இவ்விரு கற்களும் எதிரெதிரே அமைந்தது எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. நான்காண்டு கழிந்து, பேரரசின் படைகளிற் சுமார் 11 இலட்சம் பேர் மாண்டபின், படை தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. கனடாவின் காலாட்படை வீரன் ஜோர்ஜ் பிறைஸும் அவ்விடுகாட்டிலேயே கிடக்கிறான். அவன் மாண்டபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. பதினொரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.