தேதி போட்ட சட்டம், தேதி இல்லாத சட்டம்

‘பேசாம இருடா, தடாவுல போட்டுருவான்.’ பாட்டி இப்படித்தான் என்னை அடக்குவாள். தடாவின் விரிவு அவளுக்குத் தெரியாது. எங்க சேரிக்குள் போலீஸ் ஜீப் வந்தால் என்ன நடக்கும் என்பது தெரியும்.

1985இல் இரண்டே ஆண்டுக்கு என்று வந்த சட்டம் அது. 1987இல் மறுபடி இயற்றினார்கள். 1989, 1991, 1993 என்று நீட்டினார்கள். ஆனால் அதில் ஒரு கெடு தேதி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் பாராளுமன்றத்தின் முன்னால் வந்து நின்றாக வேண்டும். பிடித்தது எழுபதாயிரத்துக்கு மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, இதை நீட்டிக்காதீர்கள் என்று எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் தடா காலாவதியானது.

2002இல் பொடா வந்தது. அதற்கும் மூணு வருஷக் கெடு. 2004இல் ரத்து செய்தார்கள். சந்தோஷப்பட்டோம், ஏமாந்தோம். அதே ஆண்டு பொடாவின் பல பிரிவுகளை 1967ஆம் ஆண்டின் ஊபாவுக்குள் நுழைத்துவிட்டார்கள். ஊபாவுக்குக் கெடு தேதியே கிடையாது. நீட்டிக்கச் சொல்லி யாரும் சபைக்கு வரவேண்டியதில்லை. கணக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தில்தான் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று, ஆனந்த் தெல்தும்ப்டே சரணடைந்தார். திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சாமி, 84 வயதில், வழக்கு விசாரணை தொடங்குமுன்பே 2021 ஜூலையில் காவலில் இறந்துபோனார்.

தேசப் பாதுகாப்பு, கேள்வி கேட்காதே என்கிறார்கள். தனித்தொகுதியில் நம் ஓட்டு வாங்கிப் போனவர்களிடம் நாம் கேட்போம்: அந்தச் சட்டத்துக்கு ஒரு தேதி போடச் சொல்லி எப்போதாவது எழுந்து நின்றாயா?