மகாகனம் சாஸ்திரியின் ஆங்கிலம்

வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியை (1869–1946) இன்று நினைப்பவர்கள் அவருடைய ஆங்கிலத்தைத்தான் நினைக்கிறார்கள். இந்த நினைவில் மரியாதையைவிட அநீதியே கூடுதல் என்று தோன்றுகிறது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1921-ல் லண்டன் இம்பீரியல் மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போனார். சுதந்திரமில்லாத தேசத்தின் ராஜதந்திரி என்ற விசித்திரமான உத்தியோகம் அங்கே தொடங்குகிறது. சாம்ராஜ்யத்தின் பிற பகுதிகளில் சட்டப்படி குடியேறிய இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்பவில்லை. அதே ஆண்டு சாஸ்திரி பிரிவி கௌன்சிலர் ஆனார். தமிழில் அவர் பெயருக்கு முன் 'மகாகனம்' ஒட்டிக்கொண்டது.

1922-ல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று சுற்றினார். போன இடமெல்லாம் அவருடைய பேச்சைப் பாராட்டினார்கள். ஆஸ்திரேலியா தன்னிடமிருந்த சொற்ப இந்தியர்களுக்கு 1925-ல் வாக்குரிமை தந்தது. ஆனால் கென்யாவின் மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே என்று 1923-ல் பிரிட்டிஷ் அரசு உறுதிசெய்துவிட்டது. கொடுப்பவருக்கு நஷ்டமில்லாத இடத்தில் பேச்சு பலித்தது. நிலம் கைமாற வேண்டிய இடத்தில் பலிக்கவில்லை.

1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளின் சந்ததிக்காக, 1927-ல் கேப்டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக சாஸ்திரி அங்கே போனார். அவருடைய முயற்சியில் எழுந்த சாஸ்திரி கல்லூரி டர்பனில் 1929-ல் திறக்கப்பட்டது. அதே ஒப்பந்தத்தில், பணம் கொடுத்து இந்தியர்களைத் திரும்பக் கப்பலேற்றும் ஏற்பாடும் இருந்தது.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1937-ல் வந்தது. குறைக்கப்பட்ட கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தச் சொன்னார்; ஆள் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. தேசியவாதிகள் கண்டித்தார்கள். 1938-ல் இந்திய அரசே நிறுத்தியது. மாநாட்டு மேசையின் தொனி தோட்டத்து லயன்வரை அவரோடு வந்துவிட்டது.

அதற்காக அவரைத் துரோகி என்பது சுலபம். கேட்டவர்களின் தந்திரத்தையும் பார்க்க வேண்டும். அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லாமல், சொன்ன விதத்தைக் கொண்டாடித் தப்பித்துக்கொண்டார்கள். பட்டமும் பாராட்டும் பதிலுக்குப் பதிலாக வழங்கப்பட்டவை. நம் விமர்சனத்திலும் இது நடக்கிறது. ஒருவன் சொல்வது சங்கடமாக இருந்தால், அவனுடைய நடையைப் புகழ்ந்துவிட்டு எழுந்துபோகிறோம். அவனும் காலப்போக்கில் நடைக்காகவே எழுதத் தொடங்குகிறான்.

சாஸ்திரி 1946 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை முறித்துக்கொண்டது. இந்தியர்களை அந்நாடு நடத்தும் விதம் பற்றி ஐக்கிய நாடுகள் சபையிலும் புகார் செய்தது. டிசம்பரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. கேட்டது 1921-ல் அவர் கேட்டதேதான். இம்முறை கேட்டவர்களிடம், நிறுத்திவைக்க ஒரு வியாபாரம் இருந்தது.